அக்காவுக்கு, அந்தச் சொதி பற்றி

அன்புள்ள அக்கா,

ஆவணியில் அம்மாவுக்குத் தலைத் திவசம். ஐயருக்குச் சொல்வது, யார் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். எனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் மூன்று தடவை ஆரம்பித்து, கடைசியில் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன். அத்தான் படிப்பார்கள், சம்பந்தி வீட்டாரும் படிப்பார்கள். படிக்கட்டும். 'ஆச்சி திரித்த சொதி' என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்த கதையை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும்.

அந்தத் தேங்காய்ப்பால் சொதியைத் திரித்தது அம்மா இல்லை. நான்.

மறுவீட்டன்று நீ வாசலுக்கும் பட்டாசல் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். மற்றதெல்லாம் சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை செய்யட்டும், சொதி மட்டும் என் கையால்தான் என்று 86 வயதில் அம்மா பிடித்த அடம் உனக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து தேங்காய்ப்பூவைப் பிழிந்தாள். விரல் மடங்காது, உள்ளங்கையால் அமுக்கி, அமுக்கி. மூன்றாம் பாலில் காய் வெந்து, பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து, அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் மணக்க ஆரம்பித்ததும் தலைப்பாலை ஊற்றினாள். "எய்யா, ஓரத்துல நுரை கட்டும். கட்டுன உடனே இறக்கிரு, கொதிக்க விட்டுராத" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் எடுக்கப் போனாள். ஆபீஸிலிருந்து போன் வந்தது. சிக்னலுக்காக ஜன்னல் பக்கம் திரும்பினேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. பார்த்தால் மேலே எண்ணெய் தனியாக நிற்கிறது, கீழே பால் பொடிப்பொடியாக.

அம்மா வந்து பாத்திரத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். "சரி விடு, இஞ்சித் துவையல ரெண்டு கரண்டி கூட வச்சா யாருக்குத் தெரியப்போவுது" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். யார் முன்னால் என்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. "ஆமாட்டி, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள் அம்மா. நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டாசலில் இலை போட்டாயிற்று, அந்த நேரத்தில் என்னத்தைச் சொல்ல என்று நினைத்தேன். ராத்திரி சொல்லியிருக்கலாம். மறுநாள் ரயிலேறும் முன்னால் சொல்லியிருக்கலாம். அம்மாவே ஏற்றுக்கொண்ட பிறகு நான் என்ன கிளறுவது என்று ஒரு சமாதானம். இப்போது எழுதும்போது அது சமாதானமாகவும் தெரியவில்லை.

ஆனால் நீயும்தான் அக்கா. அன்றைக்குப் பிறகு அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவாயாம். சேலையில் தீப் பிடித்துவிடும் என்ற பயம், தெரியும். கூட இருந்து பார்த்தவள் நீ, வருஷத்துக்கு மூன்று தடவை வந்து போகிறவன் பேசக் கூடாது. இருந்தாலும் 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார். தாமிரபரணியில் குறுக்குத்துறைக் கோயில் மூழ்கிக் கிடந்தபோது, நீ மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன அடுப்பில்தானே ஒதுங்கி வந்தவர்களுக்கெல்லாம் உளுந்தஞ்சோறு வடித்தாள்? போன் கிடைத்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை அப்புறம்தான் சொன்னாள். அடுத்த மாசமே, தையில், அவளுக்குக் கண் தெரியாமல் போய்விட்டதா?

அவள் சந்தோஷமெல்லாம் வேறு எங்கே இருந்தது? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வீடு நிறைந்து, தார்சாவில் பத்தமடைப் பாய் விரித்து, யார் பிள்ளை யார் மடியில் தூங்குகிறது என்று தெரியாமல் கிடக்கும்போது, அத்தனை பேருக்கும் காலையில் என்ன பலகாரம் என்ற கவலைதான் அவளுக்குத் திருவிழா. 2024 தேரில் வடம் அறுந்ததை டிவியில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "வடம் அறுந்தா வேற வடம் கட்டி இழுக்காங்க. உங்க அக்கா எனக்கு இன்னொரு தடவ அடுப்பத் தர மாட்டேங்கா." நான் சிரித்தேன். அப்போதுகூட உனக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டே மாசம்.

அந்த ஆவணியில் எனக்கு ஏன் இரண்டு நாள் தாமதமாகச் சொன்னாய் என்பதை நேரில் கேட்கிறேன்.

திவசம் முடிந்து மறுநாளும் இருப்பேன். சொதி வைக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டு ஆட்களுக்கு மட்டும், நாலு தேங்காய் போதும். நீ பக்கத்தில் நிற்க வேண்டும், எனக்குப் பருப்புப் பதம் தெரியாது. அம்மாவின் அரிவாள்மணை வேண்டும், நுனியில் தேங்காய் துருவுகிற பல் வைத்தது. அதை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?

உன் தம்பி