ஐந்து நாள் முடிந்ததும் அவர் எங்கே போவார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்கு 181 உதவி எண், 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர், மகளிர் காவல் நிலையம், இலவச வழக்கறிஞர் என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் காகிதத்தைச் சுமந்து போவது அந்தப் பெண்தான். போகுமிடமெல்லாம் அடிபட்ட கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பாதியிலேயே பலர் மனம் தளர்ந்து வீடு திரும்பிவிடுகிறார்கள்.

முதல் கோளாறு அரசு மருத்துவமனையில் தொடங்குகிறது. கூட வந்த கணவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் 'வழுக்கி விழுந்தேன்' என்றுதான் சொல்வார், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டிலும் அதுவே ஏறும். பிறகு நீதிமன்றத்தில் அவருடைய வழக்கையே அது கவிழ்க்கும். உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, செவிலியர் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். நடந்த வன்முறையைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கை (படிவம் 1) அதுவரை எழுதப்படவில்லை என்றால், மருத்துவமனையே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதி. மருத்துவ அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். இந்த விதி அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு எட்டவே இல்லை.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்புகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரம் நீதித்துறை நடுவருக்கு உரியது. அவசரமென்றால், பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே, எதிர்தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடவும் 23ஆம் பிரிவில் அவருக்கு வழி இருக்கிறது. தாய்வீட்டில் இருப்பவரை 'கணவர் ஊரில் போய் மனு கொடு' என்று திருப்பி அனுப்புவதும் தவறு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலை தருவது தங்குமிடம். சகியில் பொதுவாக ஐந்து நாள் வரைதான் தங்கலாம். ஐந்தாம் நாள் மாலையில் பெண்கள் காப்பக விடுதி தேடினால் கிடைக்காது. இரண்டாம் நாளே பேசிவிட வேண்டும். 'குடும்ப நிகழ்வு அறிக்கை எங்கே?' என்று கேட்டுச் சில விடுதிகள் மறுக்கின்றன. அறிக்கை பதிவாகவில்லை என்ற காரணத்தால் இடம் மறுக்கக் கூடாது என்று அதே 2006ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது தெளிவாகச் சொல்கிறது. வளர்ந்த மகன் இருந்தால், பெண்கள் விடுதியில் அவனுக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதால் சிக்கல் இன்னும் பெரிது. தாயையும் பிள்ளையையும் பிரித்தால், பெரும்பாலும் அவர் அடித்தவரிடமே திரும்பிப் போவார்.

வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதோடு, எங்கள் கோரிக்கை இது: ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே வழக்குப் பணியாளரைப் பொறுப்பாக்கி, அந்தப் பணியாளரின் தொலைபேசி எண்ணைக் காவல் நிலையம், மருத்துவமனை, விடுதி, சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய நான்கு இடங்களிலும் பதிய வேண்டும். பெண்ணின் கைப்பேசி கணவர் கையில் இருக்கக்கூடும் என்பதால், எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். இந்த நான்கு தரப்பும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து நிலுவைக் கோப்புகளைப் பார்க்க மாவட்ட ஆட்சியர்கள் ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
சமூகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை