எட்டுக்கு நாலு பலகை எதற்கு?

ஆசிரியருக்கு,

மாதிரி ரயில் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 'எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வாங்கி ஆரம்பியுங்கள்' என்று இருந்தது. அந்தப் பலகை ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். சுவரோரம் தள்ளிப் போட்டால், அந்தப் பக்கம் தடம்புரண்ட ரயிலுக்குக் கை எட்டாது. வீடு மாறும் நாளில் மாடிப்படியில் திரும்பாது.

இதற்கு நல்ல மாற்று, மேலே தண்டவாளத் துண்டு பதித்து, ஒன்றோடொன்று கழற்றி மாட்டும் சிறு மரப்பெட்டிகள். 1970களில் அமெரிக்காவில் தோன்றிய 'என்-டிராக்' முறையில் ஒரு பெட்டியே 4 அடி நீளம், 2 அடி அகலம். தூக்க இரண்டு பேர் வேண்டும். பிறகு ஜப்பானிலிருந்து வந்த 'டி-டிராக்' சாப்பாட்டு மேசைக்கு ஏற்றது. இரண்டும் 'என்' அளவு: அசலில் 160-இல் ஒரு பங்கு (1:160), தண்டவாள இடைவெளி 9 மி.மீ.

டி-டிராக்கில் நேர்ப்பெட்டி 308 மி.மீ. நீளம்; மூலைப்பெட்டி 365 மி.மீ. சதுரம். நான்கு மூலை, நான்கு நேர் என எட்டுப் பெட்டிகள் சேர்ந்தால் சுமார் 135 செ.மீ.க்கு 73 செ.மீ. அளவில் இரட்டை வழிச் சுற்று ஒன்று கிடைக்கும். இதற்குக் கேட்டோ நிறுவனத்தின் யூனிடிராக் (அடித்தளத்தோடு சேர்ந்தே வரும் தண்டவாளம்) துண்டுகளில் 248 மி.மீ., 62 மி.மீ. நேர்த்துண்டுகள் எட்டெட்டு, 282, 315 மி.மீ. ஆரமுள்ள 45 பாகை வளைவுகள் எட்டெட்டு போதும்.

கணக்கைக் கவனித்தவர்கள் கேட்பார்கள்: 248-உம் 62-உம் சேர்ந்தால் 310 ஆயிற்றே, பெட்டி மட்டும் ஏன் 308? சூட்சுமமே அதுதான். தண்டவாளம் இரு முனையிலும் 1 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும். மரம் மரத்தோடு இடிக்கும் முன் தண்டவாளங்கள் கூடிவிடும். பெட்டி சிறுத்தால் பாதகமில்லை; பெருத்தால்தான் வம்பு. ஆசாரியிடம் 'ஓரடி' என்றால் 305 மி.மீ. வரும், ரயில் ஓடும். 'ஓரடிக்குக் கொஞ்சம் கூட' என்றால் 312 வரும். தண்டவாளங்கள் இணையவே இணையாது. மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன் ஓரத்திலிருந்து தண்டவாள அடித்தளம் வரை 38 மி.மீ. இடைவெளியும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் ஓர் அளவுத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் தேட வேண்டாம்.

மரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டரக பிளைவுட் மழைக்காலத்தில் ஓரம் உப்பிப் பிரியும். தண்டவாள முனை அரை மி.மீ. தூக்கினாலும் ரயில் தடம்புரளும். நீர் தாங்கும் ரகமே வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடிக்க வேண்டும். நான்கு மூலையிலும் உள்ளே கட்டை ஒட்டி, அடியில் டி-நட் (மரத்தில் அறையும் மரையுள்ள உலோக நட்) அறைந்து, 6 மி.மீ. போல்ட் போட்டால் அதுவே கால். உயரத்தை 70 முதல் 100 மி.மீ.க்குள் திருகிச் சரிசெய்யலாம். எந்த மேசையும் முழுச் சமமாக இருப்பதில்லை. தண்டவாளத்தை ஒட்ட சிலிக்கான் நல்லது. சூட்டுப்பசை, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும்.

மின்சாரம் 12 வோல்ட் டிசி. இரு வழிகளின் நான்கு தண்டவாளங்களுக்கும் முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்ற வரிசையில் கம்பி இணைப்பது வழக்கம். பெட்டிகளில் இது மாறிப்போனால் ஷார்ட் ஆகும். எட்டுப் பெட்டிக்கு ஒவ்வொரு வழிக்கும் ஒரு மின் இணைப்பு போதும். சுற்று நீண்டால் தொலைவில் வேகம் குறையும். அங்கும் ஓர் இணைப்புக் கொடுங்கள்.

கழற்றும்போது மேலே தூக்காமல், மேசையோடு நேராக இழுங்கள். தூக்கினால் தண்டவாளங்களைக் கோக்கும் இணைப்பான் வளையும், வளைந்தது மறுபடி இறுகாது. எப்போதும் நாலைந்து உபரி வைத்திருங்கள்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. 9 மி.மீ. நம் அகலப்பாதைக்கு ஒத்ததல்ல. அது 1435 மி.மீ. 'ஸ்டாண்டர்ட் கேஜ்' பாதைக்கான அளவு. நம் 1676 மி.மீ. பாதையை 160-ஆல் வகுத்தால் சுமார் 10.5 வரும். அதனால் நம்மூர் எஞ்சின் மாதிரியை இதில் ஓட்டினால் சக்கரம் சற்று உள்ளொடுங்கித்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணுக்குப் படாது.

– வாசகர், திருச்சி