அக்ரஹார படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச உத்தியோகத்தருக்கான அக்ரஹார காப்புறுதியில் கிடைக்கும் கொடுப்பனவு இன்றைய தனியார் வைத்தியசாலைக் கட்டணங்களுக்கு ஈடாகவில்லை, ஆகவே அதை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பகுதித் தொழிற்சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. கோரிக்கை நியாயமானதுதான். ஆயினும், மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச செயலகம் ஒன்றில் பல ஆண்டுகள் அந்தக் காப்புறுதிக்கான கோரிக்கைப் படிவங்களைச் சரிபார்த்து அனுப்பி வந்தவன் என்ற முறையில், வைத்தியசாலைச் சிட்டை வந்த பின்னர் எவ்வளவு கொடுப்பது என்று பேசுகின்ற நாம், அந்தச் சிட்டை வராமலிருக்கத் தொழில் வழங்குநரான அரசு என்ன செய்யலாம் என்று பேசுவதேயில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

என் மேசைக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவை திடீரென வந்த நோய்களைப் பற்றியவை அல்ல. சீனி வருத்தம், பிரஷர், இவை இரண்டும் முற்றியதால் வந்த மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. நாட்டில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்பவை என்று சுகாதாரத் துறையினர் சொல்லும்போது, அந்தக் கணக்கில் எங்கள் அலுவலகமும் அடங்கும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எங்களோடு பணியாற்றிய சாரதி ஒருவருக்குக் கால் விரலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறாமல் போன பிறகுதான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. அது எத்தனை வருடமாக இருந்ததென்பது எவருக்கும் தெரியாது. விரலை எடுத்தார்கள். தனியார் வைத்தியசாலைச் சிட்டையில் ஒரு பகுதியைக் காப்புறுதி ஏற்றது, மீதிக்கு மனைவியின் நகை அடகு கடைக்குப் போனது. அவர் சுகயீன விடுமுறையில் இருந்த மாதங்களில் சம்பளமும் போனது, வாகனமும் ஓடாமல் நின்றது. இந்த இழப்புகளையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த அதிகாரி எவரையும் நான் கண்டதில்லை.

இவ்வளவுக்கும், அந்த நோயை முன்கூட்டியே கண்டறியும் வசதி அரசிடம் இலவசமாகவே இருக்கின்றது. 2011ஆம் ஆண்டு முதல் அரச வைத்தியசாலைகளில் நடைபெறும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்தச் சீனி, குருதி அழுத்தம், உடல் நிறை ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் வேறாக உண்டு. எங்கள் உத்தியோகத்தர்கள் ஏன் போவதில்லை? மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் பாடசாலையுமாக இருக்கும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்று மண்டூர்ப் பக்கம் போய், பாடசாலை தொடங்குமுன் வரவைப் பதிய வேண்டியவர் அவர். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு நாள் லீவை இழக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கென்று சேமித்து வைத்த லீவை, வலியில்லாத உடம்பைப் பரிசோதிக்க யார் செலவழிப்பார்?

ஆகவே நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு அல்ல. 35 வயதைக் கடந்த ஒவ்வோர் உத்தியோகத்தருக்கும் இந்தப் பரிசோதனைக்காக வருடத்தில் ஒரு முற்பகல் கடமை விடுமுறை வழங்கப்பட வேண்டும். அதைவிட நல்லது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குழுவைப் பிரதேச செயலகங்களுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் காலையில் வரவழைப்பது. ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பரிசோதனை முடிவு உரியவரின் கைக்கே போக வேண்டும், அலுவலகத் தலைவரின் கோப்புக்குப் போகக் கூடாது. இடமாற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் நோய் காரணமாகிவிடுமோ என்ற பயம் எங்களிடம் ஆழமாக இருக்கின்றது. அது வீண் பயமென்று நான் சொல்ல மாட்டேன்.

சிற்றுண்டிச்சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டுமென்று 2016இல் விதித்ததும் அரசுதான்; ரோல்ஸும் வடையும் சீனி கரையாமல் அடியில் நிற்கும் பால்தேநீரும் தவிர வேறெதுவும் கிடைக்காத சிற்றுண்டிச்சாலைகளைக் குத்தகைக்குக் கொடுப்பதும் அரசுதான். குத்தகை நிபந்தனையில் அவித்த கடலையையும் பழத்தையும் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.

மருந்து, சிகிச்சை விலைகளுக்கு வருகின்றேன். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து செய்த காரியத்தின் சாரம், நாட்டுக்குத் தேவையான மருந்துகளை வணிகப் பெயரால் அல்லாமல் பொதுப் பெயரால் தெரிவு செய்து, நாடு முழுவதற்குமாக ஒரே கையால் மொத்தமாக வாங்கியதுதான். மொத்தமாக வாங்குபவரிடம் விற்பவர் இறங்கி வருவார் என்பது மட்டக்களப்புச் சந்தையில் மீன் வாங்குபவருக்கும் தெரியும். பத்து இலட்சத்தைத் தாண்டிய ஊழியரைக் கொண்ட அரசு, காப்புறுதி என்று வரும்போது மட்டும் ஒவ்வொரு சிட்டையையும் தனித்தனி ஆளின் சிட்டையாகப் பார்த்து, வைத்தியசாலை போட்ட விலைக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகின்றது. அக்ரஹாரவை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம், கண்புரைச் சத்திரசிகிச்சை போன்று வழக்கமாக நடப்பவற்றுக்கேனும் தனியார் வைத்தியசாலைகளுடன் முன்கூட்டியே விலை பேசி, அந்தப் பட்டியலை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் கொடுப்பனவை மட்டும் உயர்த்தினால், உயர்ந்த தொகை நோயாளியிடம் தங்காமல் கட்டணத்தோடு சேர்ந்து போய்விடும் என்பது என் அச்சம்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி மருந்துச் சீட்டில் பொதுப் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதையும், அந்தப் பெயரைச் சொல்லி பாமசியில் விலை குறைந்த மருந்தைக் கேட்கலாம் என்பதையும் சம்பளச் சீட்டின் பின்புறத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், மாதந்தோறும் சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமினும் பிரஷருக்கு லொசாட்டனும் வாங்கும் குடும்பங்களுக்கு அது உதவும்.

மட்டக்களப்பு, கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களும் மாவட்ட செயலாளர்களும் இணங்கினால், முதலில் படுவான்கரை அலுவலகம் ஒன்றிலும் அம்பாறைக் கரையோர அலுவலகம் ஒன்றிலும் வரும் தை மாதமே காலைப் பரிசோதனையைத் தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.