வாசகர் வட்டம்: பொதுக்குழுவில் செயலாளர் படித்த ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு வட்டம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இந்த அவையின் முன் வைக்கிறேன். உறுப்பினர் எண்ணிக்கையில் தொடங்கி நன்றியில் முடிவது நம் அறிக்கையின் வழக்கம். இந்த முறை வரிசை மாறிவிட்டது. ஆண்டு பிறந்த சில வாரங்களிலேயே நம் பொருளாளர் காலமானார். அதன் பிறகு இங்கே நடந்த எதையும் அவரை ஒதுக்கிவிட்டு எழுத முடியவில்லை.

அவர் பெயர் இந்த அறிக்கையில் வராது. ஆண்டறிக்கையில் ஆட்களின் பெயர் கூடாது, பொறுப்பின் பெயர் போதும் என்பது அவரே கொண்டுவந்த விதி. "பத்துப் பேர் பேரைப் போட்டா பதினோராவது ஆள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டான்" என்பார். அவருக்காக ஒருமுறை விதியைத் தளர்த்தலாம் என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். தளர்த்தினால் முதல் ஆட்சேபம் அவரிடமிருந்துதான் வந்திருக்கும் என்று தலைவர் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இரங்கல் கூட்டம் முறைப்படி நடந்தது. எழுந்து நின்று மௌனம் காத்தோம். தீர்மானம் நிறைவேற்றினோம். "பண்பாளர், எளிமையின் இருப்பிடம், அனைவரிடமும் அன்பொழுகப் பழகியவர், ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு" என்று அதில் இருக்கிறது. "அன்பொழுக" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் குறை சொல்ல மாட்டேன். சந்தா பாக்கிக்காக நம்மில் ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவர் அவர். பிறகு கூட்டக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பல ஆண்டுகளுக்கு முன் மறைந்த முன்னாள் தலைவருக்கு நிறைவேற்றிய தீர்மானத்திலும் இதே பண்பாளர், இதே எளிமை, இதே ஈடுசெய்ய முடியாமை. இரண்டு பேரும் குணத்தில் எதிரெதிர் துருவம் என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆண்டின் வாசிப்பே இதிலிருந்துதான் வந்தது. தீர்மானத்தில் அவர் இல்லை என்பது எல்லோருக்கும் உறுத்தியது. அப்படியானால் நண்பனை இழந்தவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று துணைத் தலைவர் முன்மொழிந்தார். "வருஷம் பூரா ஒப்பாரியா?" என்று ஓர் எதிர்ப்பு வந்தது, பதிவு செய்திருக்கிறேன். எதிர்த்தவரும் ஒரு கூட்டம் விடாமல் வந்தார்.

புறநானூற்றில் தொடங்கினோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சுக்குக் கொண்டுவந்த அந்த நானூறில் இறந்தவரைப் பாடும் கையறுநிலைப் பாடல்கள் நிறைய. கோப்பெருஞ்சோழன் பற்றிய வரிசையை முதலில் எடுத்தோம். பெற்ற மக்களோடு பகை மூண்டு, அரசன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விடத் துணிகிறான். பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்கிறான். நேரில் பார்த்துப் பழகாத நண்பர். வருவாரா என்று சுற்றியிருப்பவர்கள் ஐயப்படுகிறார்கள். அவர் வருகிறார். பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்த கதை இது. பாடப்புத்தகம் அங்கே நின்றுவிடுகிறது. அது விட்டுவிட்ட ஆள் பொத்தியார். கூடவே இருந்த நண்பர் அவர்தான். அவரை மட்டும் சோழன் திருப்பி அனுப்பிவிடுகிறான், மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று.

அவர் ஊர் திரும்பியபோது பாடியது 220ஆம் பாட்டு. பல்லாண்டு தீனி போட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டியிருந்த கம்பம் வெறுமனே நிற்பதைப் பார்த்து அழுவான். சோழன் இல்லாத மன்றத்தைப் பார்த்து நானும் அப்படிக் கலங்கினேன் என்கிறார். கவனியுங்கள், யானையின் பெருமை பற்றி நீட்டி ஒன்றுமில்லை. கம்பம்தான் கண்ணில் படுகிறது. தினமும் தீனி வைத்தவனுக்குத்தான் அந்தக் கம்பம் அப்படித் தெரியும்.

222ஆம் பாட்டில் அதே பொத்தியார் பிள்ளை பிறந்த பின் திரும்பி வந்து, நடுகல்லாகிவிட்ட சோழனிடம் தனக்கு இடம் எங்கே என்று கேட்கிறார். கேட்கும்போது அவனை "அன்பிலாள" என்று விளிக்கிறார். இறந்துபோன அரசனை, அதுவும் உயிர் நண்பனை, அன்பில்லாதவனே என்கிறார். நம் தீர்மானத்துக்கு நேர் எதிர்.

அடுத்த கூட்டத்தில் கபிலர். பாரி மறைந்த பின் அவர் பாடிய 236ஆம் பாட்டு இன்னும் கடுமை. நம் நட்புக்கு நீ பொருத்தமானவன் இல்லை, இத்தனை ஆண்டு என்னைக் காத்ததும் என்னை வெறுத்துத்தானோ, கூட வர விடாமல் நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனாயே என்று சண்டை பிடிக்கிறார். கடைசியில்தான், இந்தப் பிறவியில் போலவே மறுமையிலும் இடைவிடாமல் உன்னோடு இருக்க விதி கூட்டட்டும் என்று இறங்கி வருகிறார்.

அன்று நடந்ததைக் குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், துணைத் தலைவரின் அனுமதியோடு. பொருளாளர் தன் நோயை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக வந்த கூட்டத்தில் அவர் எழுதிய ரசீதில் கையெழுத்து கோணியிருந்தது. கேட்டதற்கு, "பேனா சரியில்ல" என்றார். அதே வாரம் கணக்குப் புத்தகத்தைத் துணைப் பொருளாளரிடம் கொடுத்து, வெளியூர் போவதாகச் சொன்னார். இளம் வயதிலிருந்து அவரோடு பழகிய துணைத் தலைவருக்கும் அதே வெளியூர்தான் சொல்லப்பட்டது. கபிலர் பாட்டைப் படித்து முடித்ததும் துணைத் தலைவர் எழுந்தார், விளக்கம் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? படுபாவி" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அந்தக் கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகத் திருப்பியதற்கு வாங்கிய வசவு. கவிதை எழுதிக் காட்டியபோது "தாள் நல்லா இருக்கு" என்ற விமர்சனம். சிறப்புப் பேச்சாளர் நேரம் தாண்டிப் பேசியபோது மேடைக்கு எதிரே நின்று கடிகாரத்தைக் கழற்றி உதறிப் பார்த்தது. எல்லாம் புகார்கள். ஆனால் வட்டத்தில் சேர்ந்து சில மாதமே ஆன, அவரைப் பார்த்தேயிராத ஓர் இளைஞர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அவரு இருந்திருந்தா எனக்கும் திட்டு விழுந்திருக்கும்ல சார்" என்று கேட்டார். ஆள் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தீர்மானத்தைப் படித்தால் புரிந்திருக்காது.

வேற்றுமொழியில் இரண்டு வாசித்தோம். ஆங்கிலக் கவிஞர் டென்னிசனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் வியன்னாவில் 22 வயதில் திடீரென்று இறந்தார். அவருக்காக டென்னிசன் 17 ஆண்டுகள் எழுதிச் சேர்த்த நெடும்பாட்டு 1850இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. ஊக்கமாகத் தொடங்கினோம், நீளம் பலரை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது. வருகைப் பதிவேடு சாட்சி.

பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் வேறு மாதிரி. அவர் நண்பர் லா போயெசி 1563இல், 32 வயதில் இறந்தார். நட்பைப் பற்றி மொந்தேன் எழுதிய கட்டுரை 1580இல் அச்சானது. அவனை ஏன் அவ்வளவு நேசித்தேன் என்ற கேள்விக்கு அந்த அச்சில் பதில் இல்லை. பின்னால், 1588 பதிப்பில் தன் சொந்தப் பிரதியின் ஓரத்தில் கையால் எழுதிச் சேர்த்தார்: அது அவன் என்பதால். அதற்கு அப்புறம் வேறொரு மையில் இன்னும் ஒன்று: அது நான் என்பதால். அந்தப் பிரதி இன்றும் போர்தோ நகரில் இருக்கிறது. நண்பர் போய் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அதுவும் இரண்டு தவணையில் எழுதிய பதில். இந்த மை விவரம் நம் கூட்டத்தில் பெரிய விவாதமானது. எனக்கும் கட்டுரையைவிட அந்த ஓரம்தான் பிடித்தது.

ஓரக் குறிப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பொருளாளரின் புத்தகங்களை அவர் குடும்பத்தார் நம் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஏறக்குறைய எல்லாவற்றிலும் பென்சில் ஓடியிருக்கிறது. "இல்லை." "எங்கே ஆதாரம்?" "போன பக்கத்தில் வேறு சொன்னீர்." அவருடைய புறநானூற்றுப் பிரதியில், தனக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையார் காரணம் அடுக்கும் 191ஆம் பாட்டுக்குப் பக்கத்தில், "சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து பார்த்திருக்க வேண்டும்" என்று இருக்கிறது.

நினைவாக என்ன செய்வது என்று செயற்குழு பலமுறை கூடிப் பேசியது. படத்திறப்பு, பரிசு, அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று வழக்கமான மூன்றும் வந்தன. நமக்கென்று கட்டடம் இல்லாததால் படம் மாட்டச் சுவர் இல்லை. கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியாரின் நினைவாக உ.வே.சா. தம் வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்ததை மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். நல்ல உதாரணம், வீடு வேண்டுமே. அறக்கட்டளை வட்டி அழைப்பிதழ் அச்சடிக்கவே போதாது என்று பொருளாளர் முன்பு வேறொருவருக்காகக் கணக்குப் போட்டுக் காட்டிய தாள் கோப்பிலேயே இருந்தது. எனவே செயற்குழு பரிந்துரைப்பது இவ்வளவுதான்: அவருடைய புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் மற்றவற்றைப் போலவே இரவல் தர வேண்டும், படிப்பவர்கள் அவரோடு உடன்படவில்லை என்றால் பென்சிலில் பக்கத்திலேயே எழுதலாம், பேனா கூடாது. பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இனி மற்றவை. உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. கூட்டங்கள் தடையின்றி நடந்தன, வருகை மட்டும் குறைந்திருக்கிறது. டென்னிசன் ஒரு காரணம் என்றாலும் முழுக் காரணம் அவர் இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை பொருளாளர் எல்லோருக்கும் போன் போட்டு, "நாளைக்கு வர்றீங்கதானே?" என்பார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். இப்போது வாட்ஸாப்பில் அறிவிப்பு அனுப்புகிறோம். பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, ஆள் வருவதில்லை. போன் செய்யும் வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம், நான்கு பேரும் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பாதிப் பேரோடு நிறுத்திவிடுகிறார்கள். தன்னார்வலர்கள் தேவை. அதிகம் பேசாதவர்களாக இருந்தால் நல்லது.

நூலகத்தில் இரவல் போய்த் திரும்பாத புத்தகங்களின் பட்டியல் பின்பக்கம் ஒட்டப்பட்டுள்ளது. பட்டியலில் இருப்பவர்கள் இந்த அறையிலும் இருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கை அடுத்ததாகப் புதிய பொருளாளர் தாக்கல் செய்வார். தணிக்கையாளர் ஒரே ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார். பழைய பொருளாளரின் ஏட்டில் மாதந்தோறும் 'ம.கு.' என்ற தலைப்பில் ஒரு சிறு செலவு, ரசீதுடன் எழுதப்பட்டிருக்கிறது. ரசீதிலும் ம.கு. என்றுதான் இருக்கிறது. தொகை சரியாக இருக்கிறது, பொருள்தான் தெரியவில்லை. துணைத் தலைவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் கணக்கு வாக்கெடுப்புக்கு வருமுன் எழுந்து சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்