நீட்டிய கைக்கு ஒரு துண்டு அப்பம்

காவிரி டெல்டாவின் கிராம சபைகளை நடத்தும் ஆயர்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், பேரவையில் உட்கார்ந்து வாக்களிக்கும் பிரதிநிதிகளுக்கும் ஸ்தோத்திரம்.

நான் மாயவரம் பக்கத்துக் கிராம சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றவன். இருபது வருஷமாகக் காணிக்கைக் கணக்கு எழுதுகிறேன். குருப்பட்டம் வாங்கியவன் அல்ல, இறையியல் கல்லூரியில் படித்தவனும் அல்ல. ஒரே ஒரு காரியத்தைக் கேட்கத்தான் இந்த மடல். ஆயர் நினைத்த நேரத்தில் வந்து சேர முடியாத ஊர்களில், ஞாயிறு ஆராதனையில் ஆசீர்வதித்த திருவிருந்தை, அதாவது அப்பத்தையும் ரசத்தையும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு எடுத்துப்போய்க் கொடுக்க, குருப்பட்டம் இல்லாமல் அந்தந்த ஊர் சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்கு அனுமதி கொடுங்கள். உபதேசியாரம்மாக்களுக்கும் கொடுங்கள்.

போன ஐப்பசியில் என் பெரியம்மா படுத்த படுக்கையாக இருந்தார். எங்கள் ஆயருக்கு எட்டுச் சபைகள். மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்தாலே பெரிது. அந்த மாதம் மழை விடவில்லை, வாய்க்கால் உடைந்து சாலை மேல் தண்ணீர் ஓடியது, அவர் வண்டி வரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடி ஓடி அந்த மனுஷன் முட்டியே தேய்ந்து போயிற்று.

தினமும் வந்தவர் உபதேசியாரம்மாதான். அவர் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷமாகிறது. அந்த இடத்துக்கு வேறு உபதேசியாரை யாரும் போடவில்லை. ஆனால் கோயில் மணி ஒரு நாளும் நின்றதில்லை. ஓய்வுநாள் பள்ளி, துக்க வீட்டு ஜெபம், பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது எல்லாமே அந்த அம்மாதான். மஞ்சள் பையில் வேதத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வருவார். ஒரு நாள் சாயங்காலம் 103-ஆம் சங்கீதம் வாசித்து முடித்தார். பெரியம்மா கண்ணைத் திறக்காமல் "ஐயரு வந்துட்டாரா?" என்று கேட்டு, வலது கையை இடது கை மேல் வைத்து நீட்டினார். அறுபது வருஷம் பீடத்துக்கு முன்னால் நீட்டிய அதே மாதிரி.

அந்தக் கையில் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. உபதேசியாரம்மா அந்த இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார். நான் தாழ்வாரத்துக்கு எழுந்து போய்விட்டேன். நாலாம் நாள் பெரியம்மா போய்ச் சேர்ந்தார்.

என் அம்மா பிறந்த வீடு ஆர்.சி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குடும்பம். அங்கே என் மாமா படுத்திருந்தபோது, சாமியார் வராத வாரத்திலும் சிஸ்டர் ஒருவர் கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டியில் நன்மை கொண்டுவந்தார். திருவிருந்து அப்பத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குருத்துவம் பற்றி நம்மைவிடக் கறாரான சபை அது. 1973-லேயே ரோமாபுரி அதற்கு வழி செய்துவிட்டது.

இதைக் கமிட்டியில் சொன்னேன். "நம்ம சபையில வழக்கம் இல்லியேங்க" என்று பதில் வந்தது. மேலே எழுதிப் போட்டதற்கும் அதே பதில்தான். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் வழக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்கள் மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். பந்தி விசாரணை என்ற அழகான தமிழ் வார்த்தையை நம் வேதம் அங்கே போட்டிருக்கிறது. திருச்சபை தானாக உண்டாக்கிய முதல் பொறுப்பு பசித்தவள் இலையில் சோறு விழவில்லை என்பதற்காக உண்டானது. சரி, அன்றைக்கு அந்த விதவைகளிடம் போய் "வழக்கம் இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால்?

சுமார் 155-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் இருந்து எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின், தங்கள் ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கிறது என்று விவரிக்கிறார். அப்பமும் ரசமும் ஆசீர்வதிக்கப்பட்டு எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் (டீக்கன்கள்) அதை எடுத்துப்போகிறார்கள். அப்படியானால் நான் கேட்பது புதுசே கிடையாது. பழசைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

325-ல் நிசேயாவில் கூடிய சங்கத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்று நாம் அறிக்கையிடுகிறோமே, அந்தச் சொல் வேதத்தில் அப்படியே இல்லை. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற போதகத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தபோது, இருந்த வார்த்தைகள் போதாமல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். விசுவாசத்தைக் காக்கவே வார்த்தை புதிதாக வந்தது. அதே சங்கம் எழுதிய விதிகளில் பதின்மூன்றாவது, சாகக் கிடக்கிற எவருக்கும் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்கிறது. வழிப்பயணத்துக்கான உணவு என்று அதற்குப் பெயர். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் கட்டுச்சோறு. என் பெரியம்மா கட்டுச்சோறு இல்லாமல் போனார்.

தமிழில் கடவுளுக்கே பெயர் மாறியிருக்கிறது. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு சர்வேசுரன் என்று எழுதினார். அடுத்து வந்த பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871-ல் வந்த வேத மொழிபெயர்ப்பு தேவன் என்றது. இன்றைக்கு நம் பிள்ளைகள் கடவுள் என்கிறார்கள். என் பாட்டிக்கு "இராப்போஜனம்", எனக்குத் "திருவிருந்து". எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் கேட்கிறவர் ஒருவரே என்று நம்பித்தான் சபை இவ்வளவையும் தாங்கியிருக்கிறது.

ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். நம்மில் பலர் லுத்தரன் பாரம்பரியத்தில் வந்தவர்கள். 1530-இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை பதினாலாம் பிரிவில், முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் போதிக்கவோ திருவருட்சாதனங்களைக் கொடுக்கவோ கூடாது என்கிறது. சரியான விதி. ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனால் சபை குலைந்துவிடும். அதனால்தான் முறைப்படி அழையுங்கள் என்று உங்களிடம் எழுதுகிறேன். அழைக்கிற அதிகாரம் உங்கள் கையில்தானே இருக்கிறது?

நம் மண்ணில் இது முன்பும் நடந்திருக்கிறது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். அதற்குப்பின் இருபத்தேழு வருஷம் கிராமங்களைச் சுமந்தவர்கள் உபதேசியார்கள். திருவிருந்து கொடுக்க மட்டும் ஐரோப்பியர் வர வேண்டும். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. அந்த எல்லையைத் தாண்டி, தஞ்சாவூர் ராஜாவின் சீமைக்குள் ஐரோப்பியர் நினைத்தபடி போய்வர முடியாது. அந்த நெருக்கடியில்தான் கடலூரில் பிறந்த ஆரோனுக்கு 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியக் குரு. அவர் ஊழியம் செய்த இடம் எங்கள் மாயவரம் வட்டாரம். உபதேசியாரைக் குருவாக்கும் வழக்கம் அதற்கு முந்தின நாள் வரை இங்கே இல்லை.

ஆனால் அந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார், அவரை நினைக்காமல் ஆரோனை மட்டும் கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. ராஜநாயக்கன் தஞ்சாவூர்ப் படையில் சேர்வைக்காரர் என்ற படை அதிகாரியாக இருந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் தமிழில் அச்சான சுவிசேஷங்களைப் படித்து மனம் மாறியவர். தஞ்சாவூர்ச் சீமைக்குள் பல பத்தாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். அடி உதை பட்டார். குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேசப்பட்டது. கிடைக்கவில்லை. பறையர் சமூகத்தில் பிறந்தவர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். ஊழியத்தில் அவருக்கு என்ன குறை? எட்ட நின்ற மனம்தான் குறை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் கமிட்டியில் நான் பேசி முடித்ததும் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் அவங்க கையால வாங்குவாங்களா?" அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வயது. "வழக்கம் இல்லை" என்ற வார்த்தைக்கு அடியில் பல ஊர்களில் இதுதான் படுத்திருக்கிறது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது, திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாக வர வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூர் சபையில் பெரிய கொந்தளிப்பு. பலர் வெளியேறினார்கள். ஆள் குறையும் என்று தெரிந்தேதான் அவர் எழுதினார். இன்று அந்தக் கட்டளையைத் தவறு என்று மேடையேறிச் சொல்ல யாராவது துணிவார்களா? பேரவையில் இந்தக் கேள்வி எழுந்தால், அதைத் தீர்மானத்தைத் தள்ளிப்போடக் காரணமாக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் பெண்கள் விஷயம். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்கிறார். வேறு இடங்களில் நம் வேதம் "உதவிக்காரர்" என்று மொழிபெயர்த்திருக்கிற அதே கிரேக்கச் சொல்தான் அங்கும் இருக்கிறது. ஆண்களுக்குப் பட்டமாக வந்தது அவளுக்கு வேலையாக வந்துவிட்டது. கிளாரிந்தா அம்மாளைப் பாருங்கள். தஞ்சையிலிருந்து போன மராத்தியப் பிராமணக் கைம்பெண். பாளையங்கோட்டையில் 1778-ல் மிஷனெரி சுவார்ச் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் கோயில் கட்டி எழுப்பினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் சொன்னார்கள். அந்தச் சபைக்கு அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதனுக்கு 1790-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் கிடைத்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்த மிஷனெரி சங்கம் ஆங்கிலிக்கன், கைவைத்துப் பட்டம் கொடுத்தவர்கள் லுத்தரன் ஊழியர்கள், பேராயர் ஒருவரும் அங்கே இல்லை. அவசியம் இருந்தது, சபை வழி கண்டது. கிளாரிந்தாவுக்கு எந்தப் பொறுப்பின் பெயரும் கிடைக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள், 2013-ல் ஒரு பெண் பேராயராகவும் ஆகிவிட்டார். நான் குருப்பட்டம்கூடக் கேட்கவில்லை. ஏற்கெனவே ஆசீர்வதித்ததைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடக்க ஒரு பெண்ணுக்கு அனுமதி கேட்கிறேன்.

பெரிய காரியங்களுக்கு இந்தக் கரை பழகியதுதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். குருப்பட்டம் யார் கொடுத்தால் செல்லும் என்பதில் மட்டும் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, பேராயர் கைபடாமல் குருப்பட்டம் பெற்றிருந்தவர்களுக்கு மறுபடி கைவைக்காமலே அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய முடிச்சை அவிழ்த்தவர்களின் பிள்ளைகள் நாம்.

நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். சபையே ஆட்களைச் சொல்லட்டும், ஆயர் விசாரித்துப் பயிற்சி கொடுக்கட்டும். மூன்று வருஷத்துக்கு அனுமதிக் கடிதம், அதன்பின் மறுபடி பார்த்துப் புதுப்பிக்கலாம். திருவிருந்து நடக்கிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் முன்பே, போகிறவரைப் பீடத்தின் முன் அழைத்து, யார் யார் வீட்டுக்குப் போகிறார் என்று பெயர்களை வாசித்து, சபை எழுந்து நின்று ஜெபித்து அனுப்ப வேண்டும். இது முக்கியம். பின்வாசல் வழியாகப் போகிற காரியமாக இருக்கக் கூடாது. படுக்கையில் இருப்பவருக்கும் தன் பெயர் கோயிலில் வாசிக்கப்பட்டது தெரிய வேண்டும்.

எங்கள் ஊரில் அடுத்த திருவிருந்து குறுவை அறுப்புக்கு முந்தின ஞாயிறு. கீழத்தெருவில் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார். வாய்க்கால் கரை வீட்டில் ஒரு தாத்தா, கண்ணும் தெரியாது காதும் மந்தம், ஆனால் கீர்த்தனையின் முதல் அடியை எடுத்துக்கொடுத்தால் மீதியைப் பாடிவிடுவார். உபதேசியாரம்மாவிடம் இந்த மடலைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் போனபோது, வீட்டுக்காரர் வைத்திருந்த வெள்ளைத் துணி ஒன்றைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்.