அக்காவுக்கு, காதரைப் பற்றி

அக்கா,

வருகிற 19-ம் தேதியோடு அம்மா போய் மூன்று வருசம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கே சித்தி படிப்பாள், சபையில் நாலு பேர் படிப்பார்கள், மச்சானும் படிப்பார். சில இடங்களை மேலோடு தொட்டுவிட்டுப் போனால் ஏன் என்று உனக்குப் புரியும்.

அம்மா கல்லறைக் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த மண்மேடு அமுங்கிப் பக்கத்து மேட்டோடு ஒன்றாகிப் போனதை போட்டோவில் பார்த்தாய். மரச்சிலுவை எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது ரெண்டு செங்கல்தான் அடையாளம். இதற்கு மேலும் கல்லில் வெட்டுகிற வேத வசனத்துக்காக நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த மழைக்கு அதுவும் இருக்காது.

"நல்ல போராட்டத்தைப் போராடினேன்" வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் நீ நினைக்கிற மாதிரி எனக்கு விசுவாசம் போய்விட்டது என்பதல்ல. அது தனிக் கதை. என்ன போராட்டம் என்றே அவளிடம் நாம் சொல்லவில்லையே, பிறகு எப்படி அதைக் கல்லில் வெட்டுவது? நாம் என்று எழுதிவிட்டேன். நான்தான். நீ சொல்லச் சொன்னாய். மஸ்கட்டிலிருந்து தினமும் போன் போட்டு, "நோயாளிக்குத் தெரியணும்லே, அது அவ உரிமை" என்றாய். நர்ஸ் பேசுகிற பேச்சு. சரியான பேச்சுதான். ஆனால் வார்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ரத்தம் ஊறவில்லை, ஊசி போட்டால் ஊறும் என்றுதான் அவளிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. மஜ்ஜைக்குள் முதிராத வெள்ளையணுக்கள் களை மாதிரி மண்டி, மற்றது எதற்கும் இடமில்லாமல் அடித்துவிடுவதுதானே அந்த நோய்? 'பிளட் கேன்சர்' என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். ஏழு நாள் ஒரு மருந்து, அதில் மூன்று நாள் கூடவே இன்னொரு மருந்து. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து நான் போட்டேன். அவளும் கேட்கவில்லை. காலில் வந்த சிவப்புப் புள்ளிகளையே கொசுக்கடி என்று சொன்னவள்தானே.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

மருந்து முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு 9 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத சாமான். அம்மா மூக்கில் பஞ்சு. ராத்திரி பதினொன்றரைக்குப் பிளேட்லெட் பை வந்தது. நீ தினம் பார்க்கிற பை, நான் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். உருக்கின நெய் ஆறத் தொடங்கும்போது ஒரு கலங்கல் வருமே, அந்த நிறம். சிஸ்டர் அதை உள்ளங்கையில் வைத்து, பச்சைப் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி மெதுவாக ஆட்டிவிட்டு மாட்டினாள். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாதாம், ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் அஞ்சு நாள்தான் தாங்குமாம். அதனால்தான் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் போன் போட்டு ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா இது, ரத்தம்னா செவப்பால்லா இருக்கும்?"

"ரத்தத்துல இது ஒரு பாகம்மா."

"யாரு குடுத்தா?"

"மேலப்பாளையத்துப் பையன். காலேஜ்ல படிக்கான்."

"பேரு என்னய்யா? ஜெபிக்கணும்லா."

நான் கேட்கவில்லை அக்கா. அன்று மத்தியானம் அவன் ஒன்றரை மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருந்தான், மிஷின் அவன் ரத்தத்தை எடுத்துப் பிரித்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது, நான் பக்கத்திலேயே நின்றேன். ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் காசு நீட்டினதற்கு, "எங்க வாப்பாவுக்கும் யாரோ குடுத்தாங்கல்லா" என்று சிரித்துவிட்டுப் போனான். பெயர் கேட்கத் தோன்றவில்லை. என் மனசெல்லாம் அடுத்த பைக்கு யார் என்பதில் இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்போது அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், உனக்குத் தெரியும் அது. காணிக்கைப் பையில் கை போடாமல் கடத்திவிட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அதற்குப் பயந்து "காதர்" என்றேன். சின்ன வயதில் சைக்கிளில் ஐஸ் விற்றுக்கொண்டு வந்த பாய் பெயர், வாய்க்கு வந்தது.

ஊசி குத்தின கையாலேயே சேலைத் தலைப்பை எடுத்து, முடி கொட்டத் தொடங்கியிருந்த தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். காதருக்காக ஜெபித்தாள், சத்தமாக. அவன் படிப்பு, அவன் தாயார், அவன் கொடுத்த ரத்தம் அவன் உடம்பில் திரும்ப ஊற வேண்டும் என்று. ஊறுவது அவளுக்குத்தான் நின்றுபோயிருந்தது. பக்கத்துக் கட்டில் ஆச்சி பாதித் தூக்கத்தில் "ஆமா, ஆமா" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அங்கே நிற்கவும் முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து "காதர் எப்படி இருக்கான், பரீச்சை எப்பம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நல்லா இருக்கான்மா, போன் பண்ணினான்மா என்று நானும் வளர்த்துக்கொண்டே போனேன். கடைசியாகக் காய்ச்சல் வந்து பேச்சு குழறின நாள் வரைக்கும் அவன் இருந்தான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அடுப்படியில் அவள் ஜெப நோட்டைப் புரட்டிவிட்டு நீ கேட்டாய்: "யாருலே இந்தக் காதர்?" தெரியாது என்றேன். மச்சான் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அன்றே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பேச்சு அவர் வாயில் வந்திருக்காது, அதுவும் என் தப்புதான். ஆனால் அவர் சொன்னது சொன்னதுதான்.

நம் சபைப் போதகர் ஐயரிடம் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன், இல்லாத பெயருக்கு ஏறெடுத்த ஜெபம் எங்கே போகும் என்று. "ஆண்டவருக்கு ஆளைத் தெரியும் தம்பி" என்பார். அது எனக்குப் போதாது. அந்தப் பையன் மேலப்பாளையத்தில் எங்கேயோ இருக்கிறான். இப்போது வேலைக்குப் போயிருப்பான்.

நீ லீவு கிடைக்கவில்லை என்று அடக்கத்துக்குத்தான் வந்தாய். வந்து, வேதத்தையும் நோட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாய். எனக்குக் கிடைத்தது அவள் பீடி சுற்றின சுளவும் கைப்பிடி அரிசி டப்பாவும். குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன். சோறு வைக்கும்போதெல்லாம் அந்த டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நிறைந்ததும் சபைக் கோயிலில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போவார், ஞாயிற்றுக்கிழமை ஏன் காணோம் என்று அவர் கேட்பதில்லை.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஆட்டோ பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலைத் தாண்டியது. "1826-ல கட்டுனதுய்யா. இன்னும் நாலு வருசத்துல இருநூறு. அந்தப் பண்டிகைக்கு என்னையக் கூட்டிட்டு வந்துரு" என்றாள். சரிம்மா என்றேன். 2026-ல் வருகிறது அது. நீ வருவதாக இருந்தால் நானும் வருகிறேன், வெளியில் நிற்கிறேன்.

வசனம் நீ கேட்டதையே வெட்டச் சொல்லிவிட்டேன். கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார், 19-க்குள் முடித்துவிடுவார். வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா. எடுத்துக்கொள்ள மாட்டேன், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். அவன் பெயரைக் கடைசியாக எந்தத் தேதியில் எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் பார்க்கணும்.

தம்பி