மகனுக்கு, கடலைப் பார்சலோடு

அன்புள்ள ஐயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள்.

நீ நிலக்கடலை 2 கிலோ கேட்டாய், நான் 1 கிலோதான் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் அனுப்பியது 2 கிலோ, அது தீர்ந்துவிட்டது என்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது எடுத்துப்போன 5 லிட்டர் நல்லெண்ணெயும் மாசி முடிவதற்குள் காலி என்கிறாய். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் போட்ட உணவு வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் 27 கிராம், கொட்டைகளும் விதைகளும் சேர்த்து 35 கிராம் என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் மாதத்துக்கு ஓர் ஆளுக்கு எண்ணெய் ஒரு லிட்டருக்குள், கடலை ஒரு கிலோ. வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டால் 2 கிலோ கடலைக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. இரண்டு பேரும்தான் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருப்பதையும், ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் வந்ததையும் அக்காதான் சொன்னாள். அவளைத் திட்டாதே. நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். நீ ராத்திரி பரோட்டாவையும் சிக்கன் ரைஸையும் விட்டுவிட்டாய் என்றும் சொன்னாள். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றை விடுவதென்று முடிவு செய்தால் விட்டுவிடுகிறவன்தான் நீ, சின்ன வயதிலிருந்தே. ஆனால் அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாயா? காலையில் பாதாமும் பேரீச்சையும். ஆபீஸில் பூசணி விதை. சாயங்காலம் ரொட்டியில் கடலை வெண்ணெய். ராத்திரி லேப்டாப் பக்கத்தில் வறுத்த கடலை. கேட்டால், 'எல்லாம் நல்ல பொருள்தானேம்மா' என்கிறாய்.

நல்ல பொருள்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா எத்தனை வருஷம் அங்கன்வாடியில் இருந்தவள் என்பதை மறந்துவிட்டாய் போல. எங்களுக்கு அப்போது வந்த விதிப்படி மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு இணை உணவாக ஒரு நாளைக்கு 500 கலோரி. எடை மிகவும் குறைந்த பிள்ளைக்கு 800. அந்தப் பிள்ளைகளின் வயிறு சின்னது, சோறாகப் போட்டால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. அதனால்தான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தாய்மாரிடம், கடலையும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடு, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசை என்று சொல்வேன். கொஞ்சம் போல உள்ளே போனாலும் எடை ஏறும். மாதாமாதம் தராசில் நிறுத்தி அட்டையில் புள்ளி வைக்கும்போது கோடு மேலே போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீயும் அப்படித் தேறியவன்தான். உன் எடைக்காக உன் ஆச்சி வேண்டாத சாமி இல்லை.

அந்தப் பிள்ளையின் எடையை ஏற்றிய அதே கடலைதான் ஐயா, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உனக்கும் எடையை ஏற்றுகிறது. உள்ளே போன பிறகு அது ஆள் பார்ப்பதில்லை. 100 கிராம் கடலையில் புரதம் 25 கிராம் இருக்கிறது, உண்மை. கொழுப்பும் கிட்டத்தட்ட 50 கிராம் இருக்கிறது. மொத்தம் 560 கலோரிக்கு மேல். ஒரு கைப்பிடி என்றால் 30 கிராம், 170 கலோரி. அதோடு நிறுத்தினால் மருந்து மாதிரி நல்லது. நீ கடலைப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாய். கை தானாகப் போகும், கண் திரையில் இருக்கும். பாட்டிலோடு உட்காராதே. சின்னக் கிண்ணத்தில் எடு, பாட்டிலை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்.

எண்ணெயும் அப்படித்தான். மரச்செக்கில் ஆட்டினாலும் மெஷினில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரி. நீ இட்லிப் பொடிக்குக் குழி பறித்து எண்ணெய் ஊற்றுவது எனக்குத் தெரியாதா? இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 240 கலோரி, அது மட்டுமே நாலைந்து இட்லிக்குச் சமம். டீஸ்பூனால் அளந்து ஊற்று. வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரை போட்டாலும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த முறை பாதியைத் தோலோடு வைத்திருக்கிறேன். அதை உப்புப் போட்டு வேகவை. வெந்த கடலை தண்ணீர் குடித்துவிடும், அதே 100 கிராமில் கலோரி பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். உடைத்து உடைத்துத் தின்னும்போது நேரமும் ஆகும். கடலை மிட்டாய் ஒரே ஒரு பாக்கெட். நம் கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நீ, அனுப்பாமல் இருக்க மனம் வரவில்லை. 100 கிராம் மிட்டாய் கிட்டத்தட்ட 500 கலோரி. தினம் ஒரு துண்டு போதும். மற்றதை ஆபீஸில் கொடு.

எல்லாவற்றுக்கும் மேல், சாப்பாட்டு நேரத்தில் சாப்பாடு சாப்பிடு. சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு கீரை. ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டவனுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பாட்டில் தேவைப்படாது. உன் அடுப்படியில் இப்போது உலை வைக்கிறார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பாட்டில் பாட்டிலாகப் படம் அனுப்புகிறாய், முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாய். போனில் பின்னால் டிவி சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதையும் நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கண் சரியானதும் ஒரு வாரம் வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். சமைத்துப் போடுவேன், வேறு எதிலும் தலையிட மாட்டேன். மருமகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கேட்க முடியாத நிலை என்றாலும் நான் வருகிறேன். வர வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. பாட்டிலோடு உட்காராதே.

அன்புடன்,
அம்மா